சேர்த்து வைக்கிற சொல்

“சார், ஒங்களையும் மணிமேகலை டீச்சரையும் சேத்து வச்சுட்டோம்.”

ஆறாம் வகுப்பு மொத்தமும் எழுந்து நின்று ஒரே குரலில் பெருமையாக இதைச் சொன்னது. ஆபீஸ் ரூமில் வருகைப் பதிவை செல்போனில் ஏற்றிவிட்டு அப்போதுதான் வாசலில் கால் வைத்த ஆத்மநாதன் சாருக்கு, வைத்த காலை எடுப்பதா, மற்ற காலையும் வைப்பதா என்று விளங்கவில்லை.

தப்பு அவர் மேல்தான். திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த அரசு நடுநிலைப் பள்ளியில் அவர் இங்கிலீஷ் வாத்தியார். அன்றைக்கு நடத்தியது இணைப்புச் சொற்கள், அதாவது கன்ஜங்ஷன். “ரெண்டு வாக்கியத்தைச் சேத்து வைக்கிற சொல்லுதான் கன்ஜங்ஷன். திருச்சி ஜங்ஷன்ல ரெண்டு பக்கத்துத் தண்டவாளமும் வந்து சேருதில்ல, அது மாதிரி. புத்தகத்தைப் பாக்காதீங்க. கண்ணால பாக்குறதை வச்சு ரெண்டு வாக்கியம் எழுதி, ‘அண்ட்’ போட்டுச் சேத்து வைங்க. இந்தா வந்துடுறேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் போகும்போது பிள்ளைகள் கண்ணுக்குப் பட்டது, வராந்தாவின் இந்தக் கோடியில் சிக்னல் தேடி நின்ற சாரும் அந்தக் கோடியில் நின்ற கணக்கு டீச்சர் மணிமேகலையும்தான்.

கரும்பலகையில் அன்புமொழியின் குண்டு குண்டான கையெழுத்து. ‘ஆத்மநாதன் சார் அண்ட் மணிமேகலை டீச்சர் ஆர் ஸ்டாண்டிங் இன் தி வராண்டா.’ ஆள் ரெண்டானதும் ‘இஸ்’ஸை எடுத்துவிட்டு ‘ஆர்’ போட வேண்டும் என்பதுகூட அவளுக்கு மறக்கவில்லை. வேறு பெயர்களாக இருந்திருந்தால் அந்த ஒரு ‘ஆர்’ருக்காகவே வகுப்பைக் கைதட்டச் சொல்லியிருப்பார்.

ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது. இரண்டு பீரோக்களும் உடைந்த கரும்பலகை ஒன்றும்தான் மறைப்பு. அந்தப் பக்கத்தில் பின்னங்களைக் கூட்டிக்கொண்டிருந்த மணிமேகலை டீச்சரின் குரல், கூட்டலின் நடுவில் நின்றுபோனது.

எட்டிப் பார்த்து, “டீச்சர், இது வெறும் இலக்கணம், தப்பா எடுத்துக்காதீங்க” என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சாருக்கும் டீச்சருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. போன வருஷம் டீச்சர் கரும்பலகையில் பாடுபட்டு வரைந்து, ‘அழிக்காதீர்கள்’ என்று ஓரத்தில் எழுதி வைத்த வட்டத்தை அழித்துவிட்டு, சார் அதே இடத்தில் ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ் எழுதினார். அன்றிலிருந்து டஸ்டர் வேண்டுமென்றாலும் சாக்பீஸ் வேண்டுமென்றாலும் ஒரு பிள்ளைதான் நடுவே போய் வரும்.

“ஒக்காருங்க” என்றார் சார். “பேருகளை அழிச்சிட்டு ராமு, சோமுன்னு எழுதுங்க.”

“அவங்களை நாங்க பாக்கலையே சார்” என்றான் செம்மல். நியாயமான கேள்விதான்.

சாயங்காலம் முத்துராமன் டீக்கடையில் வழக்கம்போலப் போய் நின்றார். கேட்காமலே சீனி தூக்கலாக ஒரு டீ வந்தது.

“நல்ல சேதி காதுக்கு வந்துச்சு சார்” என்றார் முத்துராமன், பாலை ஆற்றிக்கொண்டே. “பிள்ளைங்க ரெண்டு பேரையும் சேத்து வச்சிருச்சாம்ல. எம்புட்டு நாளைக்குத்தான் இப்படியே இருப்பீங்கன்னு நாங்களும் பேசிக்கிட்டுத்தான் இருந்தோம்.”

சாருக்கு டீ மூக்குக்கு ஏறியது. முப்பத்தாறு வயது வரைக்கும் கல்யாணம் ஆகாத மனுசனைப் பார்த்து ‘இப்படியே இருப்பீங்களா’ என்று கேட்டால் அதற்கு அகராதி பார்க்க வேண்டியதில்லை. மணிமேகலை டீச்சருக்கும் கல்யாணம் ஆகவில்லை என்பது ஊருக்கே தெரியும்.

“அண்ணே, அது இலக்கணம். பாடத்துல வாரது.”

“எதுல வந்தா என்ன சார். நல்லது நடந்தாச் சரி.”

பெஞ்சில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் எழுந்து சாருக்கு இடம் விட்டார். அந்த மரியாதைதான் சாரை ரொம்பவும் கலங்கடித்தது. மீதி டீயை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி நடையைக் கட்டினார்.

அறைக்கு வந்து சேர்வதற்குள் அறந்தாங்கியிலிருந்து தங்கை அமுதவல்லி போன் பண்ணினாள்.

“அண்ணே, இலுப்பூர்க்காரங்களுக்கு ஜாதகம் ஒத்துப்போச்சாம். பொண்ணு ரஞ்சிதாவுக்கு ஒன் போட்டோவும் புடிச்சிருக்காம்.”

“சந்தோசம்.”

“என்ன, எழவு வீட்டுல இருந்து பேசுற மாதிரி பேசுற? இன்னும் கேளு. இந்த வாரத்துக்குள்ள ஒன் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஆளனுப்பி விசாரிப்பாங்களாம். யாரு, எப்ப வருவாங்கன்னு சொல்லமாட்டாங்க. ஏற்கெனவே எத்தனையோ எடம் தட்டிப்போச்சு. ஊருல ஒரு சொல்லு அப்படி இப்படி வந்துறக் கூடாது, பாத்துக்க.”

இலுப்பூரிலிருந்து யார் வந்தாலும் முதலில் நிற்கிற இடம் முத்துராமன் டீக்கடைதான். முத்துராமன் வாய்க்கு மூடி கிடையாது. இந்த இடமும் போனால் அடுத்த ஜாதகம் பார்க்கத் தங்கைக்கே தெம்பிருக்காது என்று சாருக்குத் தெரியும்.

படுத்துக்கொண்டு யோசித்தார். ‘அண்ட்’ போட்டதால் வந்த வினை. சேர்த்து வைத்ததை, பிரிக்கிற ஒரு சொல்லைப் போட்டுப் பிரித்துவிட்டால் சரியாகப் போகும். பிள்ளைகள் வழியாக ஊருக்குள் போன சேதி, பிள்ளைகள் வழியாகவே திரும்பி வந்துவிடும். அவருக்கு அது பெரிய ராஜதந்திரமாகத் தோன்றியது.

மறுநாள் ‘பட்’ நடத்தினார். “பட்டுன்னா ‘ஆனால்’. ரெண்டும் ஒத்துப்போகாதுன்னு காட்டுற சொல்லு” என்று பீரோவைத் தாண்டிக் கேட்கும்படி உரக்கச் சொல்லிவிட்டு, தானே எழுதினார். ‘சார் லைக்ஸ் டீ, பட் டீச்சர் லைக்ஸ் காபி.’

“பாத்தீங்களா? சாருக்கு டீ. டீச்சருக்குக் காப்பி. ரெண்டுக்கும் ஆகாது.”

அன்புமொழி கையைத் தூக்கினாள். “சார், பட்டும் கன்ஜங்ஷன்தானே?”

“ஆமா.”

“கன்ஜங்ஷன்னா சேத்து வைக்கிறதுதானே?”

“ஆமா.”

“அப்ப ஆகாதுன்னாலும் சேந்துதானே இருக்கீங்க, ஒரே வாக்கியத்துல?”

படித்துப் பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, இத்தனை வருஷம் நடத்தியும், கன்ஜங்ஷன் என்ற சாதியிலேயே பிரித்து வைக்கிற ஆள் ஒருத்தன்கூட இல்லை என்பது சாருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. முறைத்துக்கொண்டு நிற்கிற ‘பட்’கூட நடுவில் நின்று இரண்டு பக்கத்துக் கையையும் பிடித்துக்கொண்டுதான் முறைக்கிறான்.

மத்தியானம் சத்துணவுக் கூடத்தில் செவந்தி முட்டையை உரித்தபடி சிரித்தாள். அவள்தான் அங்கே சமையல்.

“டீச்சருக்குக் காப்பிதான் புடிக்கும்னு எனக்கே போன வாரம்தான் சார் தெரியும். நீங்க பேசாம இருந்துக்கிட்டே எல்லாத்தையும் கவனிச்சுத்தான் வச்சிருக்கீங்க.”

“அது... சும்மா ஒரு உதாரணத்துக்கு.”

“உதாரணம்னாலும் சரியாத்தானே இருக்கு” என்றாள் செவந்தி.

சார் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி நின்றார். டீச்சருக்குக் காப்பி பிடிக்கும் என்று தனக்கு எப்படித் தெரியும்? யோசித்தால், ஃபிளாஸ்க்கில் கொண்டுவருவதும் தெரிந்தது, இரண்டாம் மணிக்கு அப்புறம்தான் குடிப்பார் என்பதும் தெரிந்தது. மேற்கொண்டு யோசிக்காமல் இருப்பதே மரியாதை என்று சோற்றைப் பிசைந்தார்.

அடுத்த நாள் ‘பிகாஸ்’. இந்தத் தடவை சார் உஷாராக இருந்தார். போன வாரம் திங்கட்கிழமை அவர் காய்ச்சலில் லீவு போட்டிருந்தார். தனக்கும் டீச்சருக்கும் எந்தச் சந்திப்பும் இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி ஏது? பலகையில் இரண்டு வாக்கியங்களை எழுதினார். சாருக்குக் காய்ச்சல். சார் டீச்சரைப் பார்க்கவில்லை. இதை இங்கிலீஷில் பிகாஸ் போட்டுச் சேர்க்க வேண்டும்.

செம்மல் ஓடி வந்தான். அவன் மேல் குற்றம் சொல்ல முடியாது. நம் ஊர்ப் பேச்சில் காரணம் முன்னால் வரும், நடுவில் ‘அதனால’ நிற்கும், நடந்தது பின்னால் வரும். அந்த ‘அதனால’ நிற்கிற நாற்காலியில் அவன் பிகாஸைத் தூக்கி உட்கார வைத்தான். எழுதி முடித்து, பாடமாகவே வாசித்தான்.

“சார் ஹேட் ஃபீவர் பிகாஸ் ஹி டிட் நாட் சீ டீச்சர்.”

வகுப்பும் பழக்கதோஷத்தில் கோரஸாகத் திருப்பிச் சொன்னது. டீச்சரைப் பார்க்காததால் சாருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது என்று நாற்பது தொண்டைகள் நல்ல இங்கிலீஷில் அறிவித்தன.

“ஏலே நிறுத்துங்கடா. பிகாஸ் வந்தா காரணம் அதுக்குப் பின்னால வரணும். நீ காரணத்தை முன்னால வச்சுட்ட. மாத்து, மாத்து.”

“ஏன் சார், காய்ச்சல் வந்தது நெசந்தானே?”

“காய்ச்சல் நெசம்.”

“டீச்சரைப் பாக்காததும் நெசந்தானே?”

“அதுவும் நெசம். ஆனா அதனால இது வரலை.”

பீரோவுக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். இருமலா, சிரிப்பா என்று பிரித்தறிய முடியாத சத்தம். சாருக்குக் கரும்பலகைக்குள்ளேயே புகுந்து சாக்பீஸ் தூளாக உதிர்ந்துவிடலாம் போலிருந்தது.

அன்று சாயங்காலம் டீக்கடைப் பக்கம் போகாமல் கண்மாய்க்கரை வழியாக நடந்தார். அங்கேயும் எதிரில் காத்தாயி வந்தாள். பெற்றோர்கள் சேர்ந்து நடத்துகிற பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அவள்தான் தலைவி, அன்புமொழியின் அம்மா.

“காய்ச்சலாமே சார்? மனசுல ஒண்ணை வச்சுக்கிட்டு வெளிய சொல்லாம இருந்தா ஒடம்புக்குத்தான் வரும். இனிமே எல்லாம் சரியாப் போயிரும். ரெண்டு பேரும் நல்லா இருக்கணும், அதான் எங்களுக்கு வேணும்.”

“அம்மா, நீங்க நெனைக்கிற மாதிரி...”

“வெக்கப்படாதீங்க சார். இதுல என்ன இருக்கு.”

சாருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தன்னைப் பற்றிய கவலைகூடக் கொஞ்சம் ஒதுங்கி, டீச்சரைப் பற்றிய கவலை வந்தது. தான் ஒருத்தன் செய்த கூத்துக்கு அந்தப் பொம்பளைப் பிள்ளை எப்படி ஊருக்குள் பஸ் ஏறி இறங்கும்? ஒரு வட்டத்தை அழித்ததற்கே ஒரு வருஷம் பேசாதவர், இதற்கு என்ன செய்வார்? மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் நேரில் போய் நிற்கத் தைரியம் இல்லை. எனவே மறுநாள் வகுப்பிலிருந்து மறுபடியும் ஒரு பிள்ளையையே தூது அனுப்பினார்.

“அன்புமொழி, டீச்சர்கிட்டப் போயி, ‘சார் மன்னிச்சுக்கச் சொன்னாங்க’ன்னு சொல்லிட்டு வா. மெதுவாச் சொல்லணும்.”

அவள் போன வேகத்தில் திரும்பி வந்தாள். ஆனால் மெதுவாகச் சொல்ல வேண்டும் என்பது திரும்பி வரும்போதும் பொருந்தும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

“சார், டீச்சர் சரின்னு சொல்லிட்டாங்க.”

வகுப்பு ஓவென்றது. பின் பெஞ்சில் யாரோ கைதட்டினார்கள்.

“எதுக்குச் சரின்னாங்க? முழுசாச் சொல்லு.”

“அதான் சார், சரின்னாங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க.”

பள்ளிக்கூடம் விடுவதற்குள் டீச்சர் சரி சொன்ன சேதி டீக்கடைக்குப் போய், முத்துராமன் அதை பஸ் கண்டக்டர்வரைக்கும் சொல்லியாகிவிட்டது. பஸ் இலுப்பூருக்குப் போகுமா என்று சார் மனசுக்குள் ரூட்டைப் போட்டுப் பார்த்தார். போகாது என்று தெரிந்தும் நிம்மதி வரவில்லை.

தலைமையாசிரியர் உண்ணாமலை டீச்சரிடம் போய் நின்றார். “மேடம், எனக்கு எட்டாம் வகுப்புக் கட்டடத்துப் பக்கம் மாத்திக் குடுத்துருங்க. இங்கிட்டு வேணாம்.”

“ஏன் சார், இப்பத்தான் ரெண்டு பேரும் சேந்துருக்கீங்க, அதுக்குள்ளயா?” என்று கண்ணாடியைக் கழற்றினார் உண்ணாமலை டீச்சர். “எனக்கு எம்புட்டு நிம்மதி தெரியுமா? இந்த ஒரு விஷயம்தான் மனசுல முள்ளாட்டம் இருந்துச்சு. வெள்ளிக்கெழமை மேலாண்மைக் குழுக் கூட்டத்தை நீங்களும் மணிமேகலையும் சேந்து நடத்துங்க. ஊரும் கண்ணாரப் பாக்கட்டும்.”

“மேடம், நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“மணிமேகலைகிட்டச் சொல்லிட்டேன். அவுகளுக்கும் சம்மதம்தான்.”

சம்மதம் என்ற சொல்லைக் கேட்டதும் சார் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். இனி இலக்கணத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. கூட்டத்தில் ஊர் முழுக்க இருக்கும். அங்கேயே எழுந்து நின்று, உள்ளதை உள்ளபடி சொல்லி, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். மானம் போனால் போகட்டும். இலுப்பூர் ஆள் வருவதற்கு முன்னால் ஊர் வாய் அடங்கினால் போதும். வாழ்க்கையில் அவர் துணிந்து எடுத்த முடிவுகள் ரொம்பக் குறைவு, அதில் இது ஒன்று.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வழக்கமாக வருகிற கூட்டத்தைப்போல இரண்டு மடங்கு வந்திருந்தது. காத்தாயி ஒரு தூக்கு நிறையக் கேசரி கிண்டி வந்திருந்தாள். “நல்ல காரியம் நடந்துருக்குல்ல” என்று வாசலிலேயே ஆளுக்கு ஒரு கரண்டி. முத்துராமன் கடையை அடைத்துவிட்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேடையில் இரண்டு நாற்காலிகளை ஒட்டிப் போட்டிருந்தார்கள். சார் தன்னுடையதை நைசாகத் தள்ளிப் போட்டார். செவந்தி வந்து, “எதுக்கு சார் இம்புட்டுத் தூரம்” என்று மறுபடி ஒட்டிப் போட்டாள்.

மணிமேகலை டீச்சர் வந்து உட்கார்ந்தார். வாடாமல்லி நிறத்தில் சேலை. சாரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். இவ்வளவு நடந்தும் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறாரே என்று நினைத்தபோது சாருக்குக் குற்றவுணர்ச்சி இன்னும் கூடியது.

உண்ணாமலை டீச்சர் வரவேற்றுவிட்டு, “மொதல்ல ஆத்மநாதன் சார் ரெண்டு வார்த்தை பேசுவாங்க” என்றார்.

சார் எழுந்தார். எதிரே எல்லா முகமும் மலர்ந்திருந்தது. கடைசி பெஞ்சில் வெள்ளைச் சட்டையும் மடியில் ஹெல்மெட்டுமாக உட்கார்ந்திருந்த வயசாளி ஒருவர்கூட, கையில் கேசரியோடு சாரைப் பார்த்துப் புன்னகைத்தார். யாரோ ஒரு பிள்ளையின் பெரியப்பாவாக இருக்கும் என்று சார் நினைத்துக்கொண்டார்.

“எல்லாருக்கும் வணக்கம். கூட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நான் ஒரு விஷயத்தை ஒடைச்சுச் சொல்லிடணும். எனக்கும் மணிமேகலை டீச்சருக்கும் கல்யாணம்னு இந்த ஊருல ஒரு வாரமாப் பேச்சு நடக்குது. அது எனக்குத் தெரியும். டீச்சருக்கும் தெரியும்.”

கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. சாருக்கு அது தன் பேச்சு எடுபடுகிறது என்பதற்கு அடையாளமாகப் பட்டது.

“அது உண்மை இல்லைங்க. பிள்ளைங்க இலக்கணத்துக்காகச் சேத்து வச்சாங்க. டீச்சர் மேல எனக்கு அப்படி ஒரு எண்ணமே கெடையாது. ஆனா டீச்சர் ரொம்ப நல்லவங்க. அதனால...” இங்கே ‘அதனால’ வரக் கூடாது என்று பாதியில் உறைத்தது. “இல்ல, இருந்தாலும்... அதாவது எண்ணம் இருந்தாலும்... எண்ணம் இல்ல, இல்லாட்டியும்...”

எந்தச் சொல்லைப் போட்டாலும் அது அந்தப் பக்கத்தில் இருந்த டீச்சரை இழுத்து வந்து இந்தப் பக்கத்தில் இவரோடு சேர்த்து வைத்தது. பக்கத்து நாற்காலியில் மணிமேகலை டீச்சர் நிமிர்ந்து, அவரை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். அவர் முகம் சேலையின் நிறத்துக்கு வந்திருந்தது.

“ஒரு பொம்பளைப் பிள்ளை பேரு என்னால கெட்டுப்போகக் கூடாது. டீச்சர்கிட்டயும் ஊருகிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். தயவுசெஞ்சு இனிமே யாரும் அந்தக் கல்யாணத்தைப் பத்திப் பேசாதீங்க” என்று கைகூப்பி முடித்து, உட்கார்ந்தார்.

ஒருவரும் கைதட்டவில்லை. முத்துராமன் காத்தாயியைப் பார்த்தார். காத்தாயி செவந்தியைப் பார்த்தாள். செவந்தி உண்ணாமலை டீச்சரைப் பார்த்தாள். உண்ணாமலை டீச்சர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டாமலே வைத்துக்கொண்டிருந்தார். எல்லோர் முகத்திலும், இங்கே என்னதான் நடக்கிறது என்ற திகைப்பு.

கடைசி பெஞ்சிலிருந்த வயசாளி கேசரியை ஓரமாக வைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

“தம்பி, நான் அய்யப்பன், இலுப்பூர் ரஞ்சிதாவுக்குத் தாய்மாமன், காலையிலேருந்து ஊரு பூரா விசாரிச்சேன், ஒரு வருசமாப் பேச்சுவார்த்தை இல்லாம இருந்த சாரையும் டீச்சரையும் பிள்ளைங்க ராசியாக்கிப்புடுச்சுங்கன்னுதான் எல்லாரும் சந்தோசமாச் சொன்னாங்க, இந்தக் கல்யாணப் பேச்சை ஒங்க வாயிலதான் மொதமொதல்ல கேக்குறேன்.”